சருகனின் ஐந்தாம் விரல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இந்நேரம் சண்டை போட்டு எழுதியிருப்பாய்.

இங்கே என் பிழைப்பு ஆட்டம் கண்டிருக்கிறது. இந்த வாரத்து வீரன் கதைக்கு நான் வரைந்த பக்கங்களை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "இது மனுஷனாய்யா? தலையணைக்குச் சட்டை மாட்டி விட்ட மாதிரி இருக்கு. இவன் கைக்குள்ள எலும்பு இருக்கா, பஞ்சு இருக்கா?" என்று கேட்டார். தேநீர் கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். கோடை முடிவதற்குள் ஒழுங்காக மனித உடம்பு வரையக் கற்றுக்கொள்ளாவிட்டால், குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கட்டம் போடும் மேசைக்கு அனுப்பிவிடுவாராம். சித்திரக் கதை வரைய வந்தவன் கட்டம் போட்டுச் சாவதா?

மருத்துவ மாணவர்கள் வாங்கும் எலும்புப் படம் ஒன்றை வாங்கிப் பார்த்துப் பார்த்து வரைகிறேன். எலும்பு வருகிறது. அதன்மேல் சதை எப்படி உட்காருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்க அலுவலகத்தில் ஒருவரும் தேறவில்லை. இங்கே எல்லோருக்கும் தொப்பை முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார்.

அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. மரவாடியில் அவரைக் 'கிரேன்' என்றுதானே கூப்பிடுவார்கள்! அந்தத் தோளும் முதுகும் யாருக்கு வரும்? நீ பொறியாளர் அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைகிறவள், கோடு உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பாவை வரைந்து அனுப்பு. முறை இதுதான்: தலையை அளவுகோலாக வைத்துக்கொள். உச்சி முதல் தாடை வரை ஒரு தலை. சாதாரண ஆள் ஏழரைத் தலை உயரம், வீரன் எட்டு. முதலில் உடம்பு சாயும் திசைக்கு ஒரே ஒரு கோடு. பிறகு எலும்பு. சதை கடைசியில். முதலிலேயே சதைக்குப் போனால் என்னைப் போலத் தலையணை வரும்.

அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யாதே, ஆசிரியர் முறைக்கிறார். அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. உனக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால்தான் அப்பா ஞாபகம் வருகிறது, அதுவாவது வந்ததே. தாள் தடிமன், எடை கூடினால் தபால்காரர் முகம் சுளிக்கிறார். அதனால் படத்தின் பின்பக்கத்திலேயே எழுதிவிட்டேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்று குறை சொல்லாதே. பிளானில் அளவு எழுதி எழுதி இப்படி ஆகிவிட்டது.

திருப்பிப் படத்தைப் பார்த்தாயா? பயந்திருப்பாய். நீ கடைசியாக வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதற்குள் சர்க்கரை அவரைப் பாதியாக்கிவிட்டது. போன வருடமே எழுதினேன், 'மாத்திரை வாங்கிக் கொடு' என்று ஒரு வரி பதில் போட்டாய். இப்போது கட்டிலை விட்டு இறங்கக் கைத்தாங்கல் வேண்டும். இடது காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது.

ஆனால் உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நான் சொல்வதற்கு முன்னாலேயே சட்டையைக் கழற்றிவிட்டார். "வீரனுக்குக் கேட்டிருக்கான்ல? முதுகுலேருந்து ஆரம்பி. மரம் தூக்குன முதுகு, அதுதான் நல்லாருக்கும்," என்றார். நான் தயங்கினேன். "சதை இல்லேன்னு பாக்குறியா? அதை அவன் போட்டுக்குவான், படிச்ச பய," என்றார். தலையை அளந்தேன், சரியாக ஏழரை வந்தது. எட்டாகப் போடச் சொல்லி ஒரே தகராறு. நான் பிளான் வரைகிறவள், இல்லாத மாடியைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நேரிலேயே வரையலாமே. அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். உறையைப் பிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காறை எலும்பு தோளில் போய்ச் சேரும் இடம், விலாக்களுக்கு நடுவில் விழும் பள்ளம், முழங்கையின் அந்த முண்டு, இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. சதை மறைத்துக்கொண்டிருந்தவரை எனக்குப் புரியாதது சதை போனதும் புரிந்துவிட்டது. பின்பக்கம் நீ எழுதியிருந்ததை மேலோட்டமாகப் பார்த்தேன், மீதியை ஆற அமரப் படிக்கிறேன். வீட்டு விஷயம்தானே.

இப்போது கேள். இந்த உடம்பை வீரனுக்கு வைத்தால் வீணாகப் போகும். ஆசிரியரிடம் படத்தைக் காட்டினேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி அவரே, "வில்லன்யா இவன்! விடாதே!" என்று குதித்தார். பெயர்கூட வைத்துவிட்டேன்: சருகன். தொட்டவர்களின் உயிரை உறிஞ்சுவான். உறிஞ்ச உறிஞ்ச இவனும் காய்ந்துகொண்டே போவான். எப்படி?

உடனே வேண்டியவை: இரண்டு கையும் தலைக்குமேல் தூக்கிய நிலை, அப்போதுதான் விலா முழுதும் தெரியும். முழங்கால் சில்லு, மடக்கியும் நீட்டியும். இரண்டு பாதம். விளக்கை ஒரே பக்கம் வை. எண்ணெய் தேய்த்துவிடாதே, மினுமினுப்பில் நிழல் செத்துவிடும். அப்பாவை அதிகம் சாப்பிட வைத்துக் கெடுத்துவிடாதே, சருகனுக்குச் சதை வைத்தால் என் கதி அதோகதி! (சும்மா விளையாட்டுக்கு.)

இப்போதைக்கு வர முடியாது. வாரம் எட்டுப் பக்கம் முடிக்க வேண்டும். அப்பாவுக்கு வணக்கம்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

பின்பக்கத்தை இந்த முறை முழுதாகப் படி. மேலோட்டமாகப் பார்க்க இது சாலையோர விளம்பரப் பலகை இல்லை.

அப்பாவின் இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். புண் கறுத்துவிட்டது, வேறு வழியில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான் மட்டும். மயக்கம் தெளிந்ததும் கட்டைப் பார்த்து, "கிரேனுக்கு ஒரு நட்டு கழண்டுடுச்சு, அவ்வளவுதான்," என்றார். நர்ஸ் சிரித்தாள். அவளிடம், "ஞாயித்துக்கிழமை என் பையன் வர்றான், பத்திரிகையில படம் போடுறவன்," என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம், "உங்க தம்பி எங்கங்க?" என்று கேட்டாள். ரயில் தாமதம் என்று சொல்லி வைத்தேன். உனக்காக நான் சொல்லும் பொய்யெல்லாம் எந்தக் கணக்கில் சேருமோ.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "அவன் என்ன கேட்டிருந்தான்?" வேண்டாம் என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. இறக்குங்கள் என்றால், "நீ கோடு போடு, நான் பாத்துக்குறேன். புள்ள கேட்டிருக்கான்," என்கிறார். படத்தில் கைக்கோடு நெளிந்திருப்பது அதனால்தான். என் கையும் சேர்ந்துகொண்டது.

வில்லனுக்கு என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் வீரன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கறுப்பு மேலே ஏறினால் காலையே எடுக்க வேண்டும், அதற்கும் மேலே போனால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைவிடப் பச்சையாக எனக்கு எழுதத் தெரியாது. வா. எட்டுப் பக்கத்தை யாராவது வரையட்டும்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறாய்! கைதூக்கிய படத்தை வைத்துத்தான் அட்டைப்படமே வரைந்தேன். சருகன் முதல் இதழ் விற்றுத் தீர்ந்து இரண்டாம் முறை அச்சடித்தார்கள். 'எலும்பு துருத்துவதைக் கண்ணால் பார்த்தேன், இரவு தூக்கம் வரவில்லை' என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். ஆசிரியர் என்னை இப்போது 'வாங்க' என்கிறார். வந்த படங்களையெல்லாம் அன்றன்றே பசை தடவி என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். சுவர் முழுக்க அப்பாதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே விலாவை எண்ணலாம்.

ஒரே ஒரு குறை. கோபித்துக்கொள்ளாதே. இடது பாதத்தில் நாலு விரல்தான் வரைந்திருக்கிறாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எண்ணி வரையுமே அக்கா! அச்சுக்குப் போகிற கடைசி நேரத்தில் கண்ணில் பட்டது, நானே ஐந்தாவதைப் போட்டுவிட்டேன். உடற்கூறில் முதல் பாடமே இதுதான்: தெரிந்த உடம்பு என்று மனப்பாடமாக வரையாதே. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்.

கைக்கோடும் கொஞ்சம் ஆடியிருக்கிறது. அப்பாவை அசையாமல் இருக்கச் சொல்.

அடுத்து, விழுங்கும்போது தொண்டை எப்படி ஏறி இறங்குகிறது என்று வேண்டும். தண்ணீர் கொடுத்துக்கொண்டே வரைந்துவிடு. அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சிரித்தேன். அழுகை பிறகுதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார் என்று எனக்குப் பாடம் சொல்கிறாய். நான் எழுதியதெல்லாம் பசைக்குள் போய்விட்டது, இல்லையா? அப்பாவின் எலும்பு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, என் எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், செவிடனாவது ஊதுகிறவளின் முகத்தைப் பார்ப்பான்.

மேல் வீட்டு டைப்பிஸ்ட் போன வாரம் உன் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு நேரே அப்பா கட்டிலுக்கே வந்துவிட்டாள். "உங்க பையன் வரைஞ்சதாமே! என் பொண்ணு இந்தப் பேயைப் பாத்துட்டு ஜன்னலையே திறக்க மாட்டேங்குறா," என்று சந்தோஷமாகச் சொன்னாள். பிடுங்குவதற்குள் அட்டை அவர் கைக்குப் போய்விட்டது.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அட்டையிலிருந்த மூக்கை விரலால் தடவினார். டைப்பிஸ்ட் மெல்ல நழுவிவிட்டாள்.

"இது நான்தானே?" என்றார்.

"யாரோ பேய்ப்பா," என்றேன்.

"மூக்கு என்னோடது. எங்கிட்ட மறைக்காதே." பிறகு, "எல்லாரையும் கொல்லுவானா இவன்?" என்றார்.

"ஆமா."

"நான் ஒரு எறும்பைக்கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திடீரென்று முகமே மாறிப்போனது. "ஏய், இங்க பாரு. இடது கால். எண்ணு."

எண்ணினேன். ஐந்து இருந்தது.

"எடுத்த விரலை என் புள்ள திரும்ப ஒட்ட வச்சிட்டான் பாத்தியா? வர முடியலேன்னாலும் மனசுல வச்சிருக்கான். வில்லனோ வீரனோ, அது தொழிலு. இதுதான் பாசம்," என்றார். அந்த அட்டையைக் கிழித்துத் தலைமாட்டில் ஒட்டச் சொன்னார். ஒட்டியிருக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே அவர் செத்திருப்பார்.

கால் முழங்கால் வரை கறுத்துவிட்டது. இனி வெட்டியும் பயனில்லையாம். வருகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதையும் படத்தின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். தனித்தாளில் எழுதினால் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மனம் வரவில்லை. எலும்புக்காக உறையைப் பிரிக்கிறவன், அப்பாவுக்காக ஒரே ஒரு தடவை தாளைத் திருப்பட்டும். படித்தாயானால், பதிலில் 'கிரேன்' என்று ஒரு வார்த்தை எழுது. வேறு ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டைப் படம் அபாரம். குரல்வளை மேலே ஏறி நிற்கும்போது கழுத்து நரம்பு விறைப்பதை எப்படிப் பிடித்தாய்? விழுங்கக் கஷ்டப்படுகிற மாதிரியே இருக்கிறது. சருகன் ஒரு குடும்பத்தின் உயிரையே விழுங்கும் கட்டத்துக்குப் பொருந்திப்போனது. உறை வந்த சூட்டிலேயே ஒட்டியாகிவிட்டது. சுவரில் இனி இடமில்லை, ஜன்னல் பக்கம் ஆரம்பித்திருக்கிறேன்.

கற்றுக்கொண்டது நானா நீயா என்றே தெரியவில்லை. இப்போதெல்லாம் ஆசிரியர் மற்றவர்களிடம், "அவன்கிட்ட போய் எலும்பு கத்துக்க," என்று அனுப்புகிறார்.

ஒரு முக்கியமான விஷயம். வீரன் சருகனைக் கொல்லப் போகிறான். சிறப்பிதழ், நடுவில் இரண்டு பக்கம் முழுக்க ஒரே படம். படுத்த நிலை, கண் மூடி, தாடை லேசாகத் தொங்கி, கை இரண்டும் கேட்பாரற்று விழுந்த மாதிரி. அப்பா எப்படியும் படுத்துத்தானே இருக்கிறார், அவருக்கும் சிரமமில்லை. ஆனால் அசையக் கூடாது, மூச்சைக்கூடக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளச் சொல். இந்த ஒரு படத்தில்தான் என் எதிர்காலமே இருக்கிறது.

அப்பா நலம்தானே? வெயில் ஆரம்பித்துவிட்டது, பத்திரம்.

உன் அன்புத் தம்பி
(சருகனைப் பெற்றவன்)


ஏப்ரல் 10

கேட்டது கிடைத்திருக்கும். படுத்த நிலை. கண் மூடியிருக்கிறது, தாடை தொங்கியிருக்கிறது, கைகள் விழுந்த இடத்தில் கிடக்கின்றன. அசையவே இல்லை. ஒரு கோடுகூட நெளிந்திருக்காது.

அப்பா வியாழக்கிழமை காலையில் செத்துப்போனார்.

உன் கடிதத்தில் 'கிரேன்' என்ற வார்த்தையை மூன்று முறை தேடினேன். கையெழுத்துக்குக் கீழேகூடப் பார்த்தேன். அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டும்போது, "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்" என்று ஒரு வரியைச் சேர்த்துப் படித்தேன். அதனால் ஒரு ஞாயிறு வரை தாங்கினார். அது போய், அடுத்ததற்காகக் காத்திருக்கும்போதுதான் முடிந்தது. விடிந்ததும் கண்ணைத் திறந்து, "அவன் அடுத்து எந்தப் பக்கம் கேட்டிருக்கான்?" என்றார். நீ கேட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படுத்திருந்தால் போதுமாம் என்றேன். "அது சுலபம்," என்றார்.

யாரையும் கூப்பிடவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, விளக்கை நீ சொன்னபடி ஒரே பக்கம் வைத்துவிட்டு வரைந்தேன். சாய்வுக்கு ஒரு கோடு. பிறகு எலும்பு. சதைக்கு வேலையே இருக்கவில்லை. என் கை நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு என்மேல் இருக்கும் வெறுப்பு. நீ சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. முடித்த பிறகுதான் கதவைத் திறந்து அழுதேன்.

தந்தி கொடுக்கச் சொன்னார்கள். முகவரி தெரியாது என்றேன். பெற்ற மகன் இருக்க, பொறியாளர் அலுவலகத்து ஆட்கள் தூக்கிப்போனார்கள். ஊரில் என்னைக் கொடுமைக்காரி என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். நீ அவர் உடம்பை எடுத்துக்கொண்டாய், அவர் சாவை நான் எடுத்துக்கொண்டேன். அதுவும் உன்னிடம்தான் இருக்கிறது, தாளைத் திருப்பினால் போதும்.

தலைமாட்டில் ஒட்டிய அட்டையை அவரோடு சேர்த்தே அனுப்பிவிட்டேன். ஐந்து விரலோடு போகட்டும்.

நான் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். எங்கே என்று எழுத மாட்டேன்.

உன் அப்பாவின் மகள்


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன சொல்ல! சிறப்பிதழ் வந்த அன்றே காலியாகிவிட்டது. நடுப்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "செத்த உடம்பை இப்படி ஒருத்தன் வரைஞ்சு நான் பாத்ததில்லை," என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே, நேரம் வரும்போது சொல்கிறேன். அப்பாவிடம் சொல், இந்த முறை அவர் ஒரு துளி ஆடவில்லை, முதல் தர மாடல் ஆகிவிட்டார் என்று. அசல் படத்தைச் சட்டம் போட வைத்திருந்தேன், மனசு கேட்கவில்லை, ஒட்டிவிட்டேன். என் நாற்காலிக்கு நேர் எதிரில்.

ஆனால் அக்கா, திரும்பவும் நாலே விரல்! யார் சொன்னால்தான் நீ திருந்துவாய்? பரவாயில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

ஒரு நல்ல சேதி. சிறப்பிதழ் வேலை முடிந்ததால் ஜூன் மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சட்டை எடுத்திருக்கிறேன், அவர் தோளுக்குத் தாராளமாக இருக்க வேண்டும் என்று இருப்பதிலேயே பெரிய அளவு. நான் வருவதை அவரிடம் இப்போது சொல்லிவிடாதே, திடீரென்று போய் நிற்க வேண்டும்.

அதற்குமுன் ஒரு சின்ன உதவி, அவசரம். சருகன் சாகக் கூடாது என்று வாசகர்கள் மூட்டை மூட்டையாக எழுதுகிறார்கள். அடுத்த இதழில் அவன் பிழைத்து எழுகிறான். எனவே இந்த வாரத்துக்குள் அப்பாவை எழுப்பி உட்கார வைத்து ஒரு படம் போட்டு அனுப்பு.

உன் அன்புத் தம்பி